ரொசாரியோவின் படகு

வேதநாயகம் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். பார்த்துச் சொல்லும்படி சம்பந்தி வீட்டார் அனுப்பியிருந்த இங்கிலீஷ் கல்யாண அழைப்பிதழை, சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்.

"ஏழு தப்பு! அச்சுக்குப் போகுமுன்ன என் கண்ணுல பட்டுது, நல்லதாப் போச்சு," என்று மனைவி சாரம்மாளிடம் மார்தட்டிக்கொண்டார்.

"அத எழுதுனது யாரு தெரியுமா?" என்றாள் சாரம்மாள். "பொண்ணுதான். நம்ம பெனோ கட்டிக்கிடப் போற ரீபா. எம்.ஏ. இங்கிலீஷ். விடிஞ்சா அடைஞ்சா பாடம் எடுக்குத பிள்ள."

வேதநாயகத்தின் முகம் தொங்கிவிட்டது. "கோவப்பட்டாளா?"

"சந்தோசப்பட்டாளாம். வீட்டுக்கு வந்ததும் மாமாகிட்ட உக்காந்து ஏழு திருத்தத்துக்கும் காரணம் கேட்டுக்கிடுவாளாம்."

காரணம்! பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் தலைமை எழுத்தராக இருந்தவர். லீவு லெட்டரிலிருந்து இரங்கல் செய்திவரை தெருவே அவரிடம் கொண்டுவந்து திருத்தி வாங்கிப் போகும். ஏன் அப்படி என்று ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இங்கிலீஷ் வரி வெறிச்சென்று இருந்தால் ஒரு 'தி' போடுவார், நெருக்கமாக இருந்தால் ஒன்றை அடிப்பார். அவ்வளவுதான் அவருடைய இலக்கணம். இப்போது மருமகள் காலடி வைத்த மறுநாளே மானம் கப்பலேறிவிடும்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. 'நடுத்தர நிலை ஆங்கில இலக்கணம். காலை ஆறு மணி. முகம் காட்ட வேண்டாம், குரல் போதும்' என்று செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. சாரம்மாளிடம் சொன்னால் அன்றைக்கே சம்பந்தியம்மா காதுக்குப் போய்விடும். எனவே சத்தமில்லாமல் சேர்ந்தார். பெயர் கேட்ட இடத்தில் விரல் தயங்கியது. அந்த நேரம் பார்த்து வாசலில், "உவரி மீனு, உவரி மீனு!" என்று குரல் வந்தது.

'ரொசாரியோ, உவரி' என்று தட்டினார்.

முதல் நாள் டீச்சர் இங்கிலீஷில் கேட்டாள். "மிஸ்டர் ரொசாரியோ, வாட் டு யூ டூ?"

"ஐ ஹேவ் எ போட், மிஸ்."

கணுக்காலுக்கு மேல் கடல்தண்ணீர் பட்டிராத மனுஷன்! டீச்சருக்கோ ஒரே உற்சாகம். தினமும் கடலைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லவேண்டும் என்றாள். ஒருநாள் இறந்தகாலம், ஒருநாள் நிகழ்காலம்.

வாக்கியத்துக்கு விஷயம் வேண்டாமா? வேதநாயகம் வாசலில் மீன்காரம்மாவை மடக்கினார். "நெத்திலி எப்பம் கூட்டமா வரும்? வலை கிழிஞ்சா யாரு தைப்பா?"

"அண்ணாச்சி, மீன் வாங்க வந்தியளா, தொழில் தொடங்கப் போறியளா?" என்றாள் அவள். அவளைப் பேசவைக்க தினமும் அரைக்கிலோ வாங்கவேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம் சாரம்மாள் பொறுமையிழந்தாள். "நாளைக்கும் மீன் வந்துச்சின்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். அதென்ன அவகிட்ட அரைமணி நேரம் பேச்சு?"

சந்தேகம் வளரக்கூடாதென்று, வேதநாயகம் காலை வகுப்புக்கு வாசலை ஒட்டிய முன்னறையை விட்டு அடுக்களைக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்தார். அங்கே மிக்சி ஓடியது.

"வாட் இஸ் தட் நாய்ஸ், மிஸ்டர் ரொசாரியோ?"

"மை போட் இன்ஜின், மிஸ்."

இன்ஜின் நின்றது. தொடர்ந்து உச்சஸ்தாயியில் ஒரு குரல். "ஏங்க, அங்கன என்ன முணுமுணுப்பு? இந்தத் தேங்காயத் துருவித் தாங்க!"

"மை வைஃப், மிஸ். ஷீ ஆல்சோ கம்ஸ் டு த சீ," என்றார் வேதநாயகம் ஈனசுரத்தில். கடலுக்குப் போகும் அந்தப் பெண்மணிக்காக டீச்சர் எல்லோரையும் கைதட்டச் சொன்னாள்.

உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மணி நேரம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. 'தி' எங்கே வரும், எங்கே வராது, ஏன் வராது என்பதெல்லாம் ஐம்பத்தெட்டு வயதில் முதன்முதலாகப் புரிந்தது. ஒருநாள் பழைய அழைப்பிதழின் நகலை எடுத்துவைத்துப் பார்த்தார். ஏழு திருத்தமும் தப்பு. 'உங்கள் வருகையால் மகிழ்வோம்' என்ற பொருளில் ரீபா அழகாக எழுதியிருந்த 'கம்பெனி' என்ற சொல்லை, கல்யாணத்தில் ஏது கம்பெனி என்று அடித்திருந்தார். வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

இன்னும் பத்து நாள் ஓட்டியிருக்கலாம். அம்பாசமுத்திரத்திலிருந்து வகுப்புக்கு வரும் தளவாய்தான் கெடுத்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக உவரிக்குப் போய், ரொசாரியோவின் படகில் ஒரு சுற்று சுற்றினால் என்ன என்றார். டீச்சர் உட்பட எல்லோருக்கும் சம்மதம்.

வேதநாயகத்துக்கு வேறு வழி தெரியவில்லை. "த போட் ஹேஸ் சங்க், மிஸ். யெஸ்டர்டே."

'யெஸ்டர்டே' வந்தால் 'ஹேஸ்' வராது என்று முந்தின வாரம்தான் படித்திருந்தார். டீச்சர் திருத்தவில்லை. நெகிழ்ந்த குரலில், "லெட் அஸ் பிரே," என்றாள். ஜெபம் முடியுமுன் வேதநாயகம் போனை அணைத்துவிட்டார். அன்றோடு வகுப்புக்கு முழுக்கு.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாட்டிக்கொள்ளும் பயத்தில் அவர் மருமகளிடம் நாலு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் எத்தனை நாள் ஒளிய முடியும்? ஒருநாள் காலையில் ரீபா அந்தச் சிவப்பு மை அழைப்பிதழோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, இப்பம் நேரம் இருக்கா?"

அடுக்களையில் மிக்சி ஓடி நின்றது. "ஏங்க, இந்தத் தேங்காயத் துருவித் தாங்க!"

ரீபா சட்டென்று அடுக்களைப் பக்கம் திரும்பினாள். பிறகு மாமனாரை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

ஒளித்து என்ன ஆகப்போகிறது? "ஏழும் என் தப்புதாம்மா. நீ எழுதுனதுதான் சரி," என்று தொடங்கி, எது ஏன் தப்பு என்று முதலிலிருந்து கடைசிவரை, விதி பிசகாமல் சொல்லி முடித்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் சொன்ன முதல் காரணங்கள். மனசு லேசாகிவிட்டது.

ரீபா அழைப்பிதழை மடித்துவைத்தாள்.

"காரணமெல்லாம் சரியாத்தான் சொல்லுதீங்க மாமா," என்றாள். "படகு முங்குனப்ப அத்தைக்கு ஒண்ணும் ஆகலையே?"