வானத்தில் பாதி என்னுடையது

பங்குக்காரர் என்றொரு இனம் உண்டு. அடுத்தவர் உலையில் ஒரு கல் உப்பைப் போட்டுவிட்டு, சமைத்ததே தான்தான் என்று சொல்லித் திரியும் இனம். அதில் சற்று உயர்ந்த ஒருவரைக் காட்டுகிறேன். அண்ணாந்து பாருங்கள்: மூன்றாவது மாடி பால்கனியில் டெலஸ்கோப்புக்குக் குடை பிடித்து நிற்கிறாரே, அவர்தான். குடை மழைக்கல்ல, எதிரே எரியும் தெருவிளக்குக்கு.

பகலில் காப்பீட்டு அலுவலகம், இரவில் அண்டவெளி. இந்தத் தெருவிளக்கைத் தாண்டி என்ன தெரியும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். லென்ஸ், வடிகட்டி, கேமராவின் குளிர்ச்சி என்று ஆரம்பித்து, நீங்கள் செருப்பை மாட்டிய பிறகும் விடாமல், படிக்கட்டு வரை கூடவே வந்து, இறங்கும் உங்கள் உச்சந்தலையைப் பார்த்தபடி பேசி முடிப்பார். கடைசியாக வானத்தை எப்போது பார்த்தீர்கள் என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். வானத்தைக் கேமரா பார்க்கும். இவர் கம்ப்யூட்டரைப் பார்ப்பார்.

இவருடைய மச்சினன் பல் டாக்டர். ஊருக்கு வெளியே விளக்கு எட்டாத மேட்டில் வீடு, பெரிய டெலஸ்கோப், அதைவிடப் பெரிய பொறுமை. ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை ஒரே சுருள் விண்மீன் மண்டலத்தைப் படமெடுத்திருந்தான். வானியல் சங்கத்தின் கண்காட்சியில் நடுச்சுவருக்கு ஒரே ஒரு படத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அக்கா வீட்டுக்காரர் மனம் கோணக்கூடாதே என்று, அவருடைய படங்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டான். அடுத்தவர் வாயைப் பார்த்தே பழகியவன், தன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். சேர்க்கிற வேலை, அனுப்புகிற வேலை எல்லாவற்றையும் நம்மவரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டு டெலஸ்கோப்புகளின் படங்களை ஒன்றாக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. தெளிவான படத்துக்குப் பெரிய பங்கு, கலங்கலுக்குச் சிறிய பங்கு. உறவுமுறையெல்லாம் அதற்குத் தெரியாது. நம்மவருக்கு நூற்றுக்கு மூன்று கொடுத்தது.

அவரால் பொறுக்க முடியவில்லை. மென்பொருளில் பிழை என்றார். மச்சினன் கேமராவில் ஏதோ கோளாறு, இல்லாவிட்டால் இவ்வளவு தெளிவாக வருமா என்றார். கடைசியில் தன் கையாலேயே மூன்றை ஐம்பதாக்கினார். சுருளின் கரங்கள் கரைந்தன. அவற்றின் மேலிருந்த செந்நிறப் பொட்டுகள் காணாமல் போயின. தெருவிளக்கின் மஞ்சள் படம் முழுக்கப் பரவியது.

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "முதல்ல இருந்ததுதான் நல்லா இருந்துச்சு" என்றாள்.

"அதுல நான் எங்க இருக்கேன்?" என்றார்.

நியாயம்தானே? கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்து வந்த ஒளி, வந்த இடத்தில் இவரைக் காட்டாமல் போகலாமா? பாலம் கட்ட மண் சுமந்த அணில் பாலத்தில் பாதியைக் கேட்கவில்லை. பாவம், அதற்கு விவரம் போதாது.

கண்காட்சியில் நடுச்சுவரில் யாரோ எடுத்த நிலா இருந்தது. இவர்கள் படம் கைகழுவும் இடத்துக்குப் போகும் வழியில் தொங்கியது, நம்மவர் பெயர் முதலாக. பல் டாக்டர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அத்தான்" என்றான். அவ்வளவுதான், போய்விட்டான்.

இப்போதெல்லாம் அவன் இவர் அலுவலகத்தில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் அக்காவுக்குப் போன் செய்கிறான். வீட்டுக்கு வருவதில்லை. அவள் அதை நினைத்து வருந்துகிறாள். நம்மவரோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம், கூட்டு முயற்சி என்றால் விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும், அந்தப் பக்குவம் அவனுக்கு இன்னும் வரவில்லை என்று பெருமூச்சு விடுகிறார்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். படித்துக்கொண்டு வரும்போதே, இந்த இடத்தில் நான் ஒரு வரி சேர்த்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து அந்தப் பேனாவைக் கீழே வையுங்கள்.