பன்னத்துக்கு வந்த தத்தி

ஒவ்வொரு இலைக்கும் அடியில், இரண்டு வரிசையாக, மண்ணிறப் புள்ளிகள். தயாபரன் எண்ணத் தொடங்கி நாற்பதோடு நிறுத்திக்கொண்டான்.

"அண்ணை, இஞ்சை ஒருக்கா வாங்கோ. இது நேற்றும் இருந்ததோ?"

பியோன் அப்புத்துரை தேநீர்க் கோப்பையோடு வந்து குனிந்து பார்த்தார். இன்னும் ஆறு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். எதற்கும் அவசரப்படுகிற வழக்கம் அவரிடம் இல்லை.

"நான் இதைத் திருப்பிப் பாத்ததில்லை தம்பி," என்றார்.

அது கௌசலா மேடம் அழகுக்காகச் சாடியில் வளர்த்த பன்னச்செடி; பெரணி என்றும் சொல்வார்கள். கடலோர நாயாற்றில் இருந்த அந்தச் சின்ன அரச அலுவலகத்துக்கு அவர்தான் பொறுப்பு. இரண்டு கிழமைப் பயிற்சிக்காக நேற்றுக் கொழும்புக்குப் புறப்படும்போது, "தயாபரன், இந்தப் பன்னத்தை நீங்கள்தான் பாக்கவேணும். உங்கட இடமாற்றக் கடிதம் என்ர மேசை லாச்சியிலை கிடக்கு. வந்துதான் கையெழுத்து வைப்பன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே தொடர்பு ஏதும் இல்லை என்று நம்புமளவுக்குத் தயாபரன் அரசாங்க வேலைக்குப் புதியவன் அல்லன்.

மனைவி தேனுகாவும் மூன்று வயது மகளும் ஸ்கந்தபுரத்தில். அவன் இங்கே வாடகை அறையில். வெள்ளி பின்னேரம் பஸ் ஏறுவதும் ஞாயிறு பின்னேரம் திரும்புவதுமாக இரண்டு வருடம் ஓடிவிட்டது. மகள் அவனைப் பற்றிப் பக்கத்து வீட்டில் "எங்கட சனி ஞாயிறு அப்பா" என்று சொன்னாளாம். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

புள்ளிகளைப் படம் பிடித்துத் தேனுகாவுக்கு அனுப்பினான். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. பேசியவர் மாமனார் ஐயாத்துரை. நாற்பது வருடமாக நெல் விதைக்கிறவர். உலகத்தில் பச்சையாக எது இருந்தாலும் அது நெல்லுக்குச் சொந்தம் என்பது அவருடைய எண்ணம்.

"தம்பி, இது கபிலத் தத்தி! போன போகம் என்ர ரெண்டு ஏக்கரை உறிஞ்சிக் குடிச்ச அதே பூச்சி."

"மாமா, இது அசையாமல் கிடக்கே?"

"குடிச்சிட்டுக் கிடக்கு. தண்ணியை வடிய விட்டு, நல்ல வெயில் படவையுங்கோ. ரெண்டு நாளிலை ஓடிவிடும்."

தயாபரன் சாடியைத் தூக்கிக் கொண்டுபோய் முற்றத்து வெயிலில் வைத்தான். தண்ணீரையும் நிறுத்தினான். ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் கடற்காற்று. வியாழன் காலை தொட்டுப் பார்த்தபோது இலை அப்பளம்போல நொறுங்கியது. புள்ளிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

"மாமா, இலையெல்லாம் மஞ்சளாப் போச்சுது."

"அப்ப பசளை காணாது. ஒரு பிடி யூரியா போட்டுத் தண்ணி விடுங்கோ."

மீன்பிடி ஊரில் யூரியாவுக்கு எங்கே போவது? அளம்பில் வரை சைக்கிள் மிதித்து, தோட்டம் செய்கிற ஒருவரிடம் கெஞ்சி வாங்கி வந்தான். மாமனார் சொன்னது வயல்காரக் கைப்பிடி. சாடியோ சோற்றுப் பானை அளவு; அதற்குள் முழுப் பிடியையும் போட்டான். மறுநாள் மஞ்சள் கறுப்பானது.

அப்புத்துரைக்கே மனம் கேட்கவில்லை. "தம்பி, பனை வடலிக்குக் காய்ஞ்ச ஓலையைக் கழிச்சுவிட்டால் குருத்துக்குப் பலம் வரும். அப்பிடிச் செய்து பாருங்கோவன்."

இது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டே தயாபரன் கத்தரிக்கோலை எடுத்தான். காய்ந்ததெல்லாம் வெட்டிய பிறகு, நடுவில் ஏழு சின்னத் தண்டுகள் எஞ்சின. ஒவ்வொன்றின் நுனியும் உள்ளுக்குள் வட்டமாகச் சுருண்டு, மண்ணிற மயிரோடு இருந்தது. பார்க்கவே அவனுக்கு உடம்பு கூசியது. மறுபடியும் போனை எடுத்தான்.

"சுருண்டிருக்கோ? இலைசுருட்டிப் புழு!" என்றார் ஐயாத்துரை. "உள்ளுக்குக் கிடக்கும். நுள்ளி எறியுங்கோ!"

ஏழையும் நுள்ளினான். ஒவ்வொன்றாகப் பிரித்தும் பார்த்தான். ஒன்றிலும் புழு இல்லை.

"அப்ப நீங்கள் வாறதைக் கண்டு ஓடியிருக்கும்," என்றார் மாமனார்.

வெள்ளி பின்னேரம் சாடிக்குள் மிஞ்சியது ஒரு கறுத்த கட்டை. தயாபரன் அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

தேனுகா அழைத்தாள். "என்னப்பா, அப்பா நெல்லுக்குத்தான் வைத்தியம் பாக்கிறவர் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"நீதானே போனைக் குடுத்தனீ!"

"சரி, கத்தாதேங்கோ. செட்டிகுளத்திலை மீனம்மா எண்டு ஒரு அம்மா பூச்செடி விக்கிறாவாம். போய் அதே மாதிரி ஒண்டு வாங்கி வையுங்கோ."

அந்தச் சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போகவில்லை. கறுத்த கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறிச் செட்டிகுளம் போனான். வழியில் மகள் போனில், "அப்பா, இண்டைக்குச் சனியெல்லோ?" என்று கேட்டாள். அவன் பையிலிருந்த கட்டையை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மீனம்மா மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். பன்னம் தேயிலைத் தோட்டத்து நீர்க்கான் ஓரமெல்லாம் தானாக முளைக்கிற ஊரில் பிறந்தவர். போனில் இருந்த படத்தையும் பையில் இருந்த கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, இது பூச்சி இல்லீங்க. இந்தச் செடிக்குப் பூவும் கெடையாது, காயும் கெடையாது. இந்தப் புள்ளியிலதான் இதோட வித்தே இருக்கு. நல்லா வளந்த செடிக்குத்தான் வரும்."

"அப்ப... அந்தச் சுருண்டிருந்தது?"

"அதுதாங்க குருத்து. புது எல எல்லாம் சுருண்டு வந்துதான் விரியும்."

தயாபரன் கவிழ்த்து வைத்திருந்த சாடியொன்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா, ஒரு நோய் வருத்தமும் இல்லாத செடியை நான் வைத்தியம் பாத்தே சாகடிச்சிட்டன்."

மீனம்மாவுக்கு இரக்கமாகப் போய்விட்டது. உள்ளே போய், தன் குசினிக்குப் பின்னால் வளர்த்திருந்த நல்ல பன்னமொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நேர் வெயில் ஆகாது. மண்ணு ஈரமா இருக்கணும், ஆனா தண்ணி நிக்கக்கூடாது. காத்து அடிக்கிற எடத்துல வைக்காதீங்க. சுருண்டு வர்றதத் தொடவே தொடாதீங்க."

புதுச் செடியை மேடத்தின் சாடியில் நட்டுவிட்டு, அடுத்த வாரம் முழுவதும் தயாபரன் அதற்குக் காவல் இருந்தான். சாடியைச் சுற்றி ஈரச்சாக்குக் கட்டினான். கடற்காற்றுப் படக்கூடாது என்று யன்னலைப் பூட்டினான், மின்விசிறியையும் நிறுத்தினான்.

"தம்பி, செடி பிழைக்கும். நான்தான் அவிஞ்சு சாகப்போறன்," என்றார் அப்புத்துரை.

புதன்கிழமை காலை பார்த்தபோது ஒரு குருத்து பாதி விரிந்திருந்தது. மகள் முதலில் எழுந்து நின்ற நாளில் வந்த சந்தோசம் அவனுக்கு வந்தது. இடமாற்றத்தைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டான்.

திங்கள் காலை மேடம் வந்தார். கைப்பையைக்கூட வைக்காமல் நேரே செடியிடம் போனார். இலையொன்றைத் திருப்பினார்.

"நான் போகேக்குள்ளை இவ்வளவு பெரிசா இருக்கேல்லையே?"

"அது... மேடம்... நிழல்... ஈரம்..."

"என்ன செய்தனீங்கள்?"

"குருத்தைத் தொடேல்லை மேடம்." அந்தச் செடியைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

மேடம் முகமெல்லாம் சிரிப்பாக, "இதுக்கு ஒரு கைராசி வேணும் தயாபரன்!" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். லாச்சி திறக்கும் சத்தம் கேட்டது. தயாபரன் வெளியே ஓடிப்போய்த் தேனுகாவை அழைத்தான். "பிள்ளையிட்டைச் சொல்லு, இனி எல்லா நாளும் அப்பாதான்!"

திரும்பி வந்தபோது அப்புத்துரை மேடத்தின் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். கையில் நாலாகக் கிழித்த இடமாற்றக் கடிதம்.

"குறை நினைக்காதேங்கோ தம்பி. மேடம் உங்களை விடமாட்டாவாம். இப்பிடிச் செடி பாக்கிற ஆளை அனுப்பிப்போட்டு நான் ஆரைத் தேடுறது எண்டு கேக்கிறா."

தயாபரன் கிழிந்த துண்டுகளை வாங்கிப் பார்த்தான். "அப்ப எனக்கு முதல் இருந்த சுதாகரனை மட்டும் எப்பிடி அண்ணை விட்டவா?"

"அவனோ? அவனிட்டையும் ஒரு பன்னத்தைக் குடுத்திட்டுத்தான் போனவா. அவன் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாமல் அதைச் சாகவிட்டான். மேடம் வந்து பாத்திட்டு 'இனி என்ர கண்ணிலை முழிக்காதை' எண்டு அண்டைக்கே இடமாற்றத்துக்குக் கையெழுத்து வைச்சு, சொந்த ஊருக்கு அனுப்பிப்போட்டா."