எட்டேகால் மணிக் கண்ணீர்

ஹிராசே நகராட்சியின் வடிகால் பிரிவில், தினமும் காலை எட்டேகாலுக்குள் அழுது முடித்துவிட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் பதினைந்து நிமிடத் தொடர். கணக்கில் புலியான சியோ என்ற இளம்பெண்ணை மேலதிகாரிகள் மதிக்காமல் படுத்துகிற பாடுதான் கதை. பார்த்து, உருகி, ரசனைக் குறிப்பு எழுதித் தருவது ஊழியர் கடமை.

பிரிவுத் தலைவர் குமேதா கடமையில் குறை வைத்தவரே இல்லை. தினம் இரண்டு கைக்குட்டை கொண்டுவருவார்.

அன்றும் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தால், எதிரே ரிட்சு. பிரிவிலேயே வயதில் சின்னவள். ஆற்று மதகு வரப்போகிற மழைக்குத் தாங்காது, கீழ்த்தெருவுக்குள் தண்ணீர் புகுந்துவிடும் என்று கணக்குப் போட்டு அறிக்கை கொண்டுவந்திருந்தாள், மூன்றாவது தடவையாக.

"ஏம்மா, அறிக்கையில உன் பேர் முத்திரை ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்குது?"

"நேராத்தானே சார் குத்தணும்?"

"நல்லாச் சொன்னே போ! பக்கத்துக் கட்டத்துல என் முத்திரை வரப்போகுது. உன்னுது என் பக்கமாச் சாஞ்சு, குனிஞ்சு வணங்குற மாதிரி இருக்க வேணாமா? இதுகூடத் தெரியாம எப்படி வேலைக்கு வந்தே?"

"கணக்கைப் பாத்தீங்களா சார்? மழைக்கு இன்னும் நாலே நாள்."

"முதல்ல முத்திரை குனியட்டும். கணக்கு எங்க ஓடிப்போகுது?"

மறுநாள் தொடரில் சியோவின் அறிக்கையை அதிகாரி படிக்காமலே தூக்கியெறிந்தான். குமேதாவுக்கு ரத்தம் கொதித்தது. "அடப்பாவி! ஒரு தடவை புரட்டியாவது பாத்தியாடா?" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினார். ரிட்சு மெல்ல அறிக்கையை நீட்டினாள்.

"இப்ப வேணாம்மா. மனசே சரியில்ல."

ரிட்சுவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அடுத்த நாள் காலை அவளே கீழ்த்தெருவுக்குப் போய் டோஃபு கடை ஹட்சுயே அம்மாளின் கதவைத் தட்டினாள்.

"சாமானையெல்லாம் மாடிக்கு ஏத்துங்கம்மா. வெள்ளம் வரும். நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"யாரு, நீயா? சியோ மாதிரி பொண்ணு சொன்னாலும் ஒரு நியாயம் இருக்கு. போ, போ. எட்டேகாலுக்கு மேல வா."

ரிட்சு சொன்னபடியே நாலாம் நாள் மழை கொட்டியது. மதகு பெயர்ந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஹட்சுயே அம்மாளின் கடையில் இடுப்பளவு தண்ணீர்.

மறுநாள் காலை கீழ்த்தெரு முழுக்கப் பள்ளிக்கூடத்தின் மாடிக் கூடத்தில் இருந்தது. விடிந்ததிலிருந்து ரிட்சு எல்லோருக்கும் சோற்றுருண்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு அங்கிருந்த தொலைக்காட்சியில் தொடர் ஆரம்பித்தது. பார்வையிட வந்திருந்த குமேதா கைக்குட்டையை எடுத்தார்.

"ஹூம்! இப்படி ஒரு பொண்ணு நம்ம ஊர்ல இருந்திருந்தா நமக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"

கூடமே விசும்பியது. ஹட்சுயே அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டோடு முன்னால் நின்றிருந்த ரிட்சுவின் முதுகில் தட்டினாள்.

"ஏம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு. சியோவை மறைக்கிற."