அரிகிருஷ்ணன் சாருக்கு ஒரு கேஸ் அடுப்பு

அரசு அலுவலகத்தில் மேலதிகாரிக்குச் சமையலில் ஆசை வந்துவிட்டால் அதைத் தடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. புதுச்சேரியில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த படிவ மாற்று அலுவலகத்தில் 1981ஆம் வருஷம் இந்தக் குறைபாடு பதினோரு பேரால் வயிற்றளவில் உணரப்பட்டது.

பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன படிவங்களை நம்மூர்ப் படிவங்களாக மாற்றுவது அந்த அலுவலகத்தின் வேலை. ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தார்கள். பதினேழு வருஷமாக ஆரம்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதிகாரி அரிகிருஷ்ணன் தங்கமான மனுஷர். லீவு கேட்டால் கொடுப்பார், லேட்டாக வந்தால் கேட்கமாட்டார். விடியற்காலை எழுந்து தன் கையாலேயே சமைத்து, ஐந்தடுக்குக் கேரியரில் கொண்டுவந்து, பன்னிரண்டே முக்காலுக்கு மணி அடிப்பார். அதுதான் அவரிடம் இருந்த ஒரே வில்லங்கம். மிளகு ரசத்தில் பன்னை ஊறவைத்து அதற்குப் பிரெஞ்சில் ஒரு பேர் சொல்வார். பாகற்காயில் கேசரி கிண்டுவார். கருவாட்டுக் குழம்பில் பாலை ஊற்றிவிட்டு, "எப்படி?" என்பார்.

"பிரமாதம் சார்" என்பார்கள் பதினோரு பேரும். அந்த அலுவலகத்தில் ஒரு நாளும் தாமதமாகாத அரசுப்பணி அது ஒன்றுதான்.

காரணம் இல்லாமல் இல்லை. வருஷா வருஷம் ஜூன் மாதம் ஓர் ஆளை ஏனாமுக்கு மாற்றியாக வேண்டும். ஏனாமும் நம்ம புதுச்சேரியைச் சேர்ந்த ஊர்தான். என்ன, நடுவில் பாதி ஆந்திரா கிடக்கும். அந்தப் பட்டியலை எழுதுகிற கையும், கேரியரைத் திறக்கிற கையும் ஒரே கை. மேல்நிலை எழுத்தர் காத்தவராயன் மற்றவர்களைவிட இரண்டு வாய் அதிகமாகவே சாப்பிட்டுவந்தார். ரெட்டியார்பாளையத்தில் அவர் மகள் சந்திரகலா பத்தாவதுக்குப் போகப்போகிறாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவளுக்குக் கணக்கு வரும். இந்த வருஷம் மட்டும் ஏனாம் வந்துவிடக்கூடாது என்று அவர் வேண்டாத சாமி இல்லை.

ஏப்ரலில் அரிகிருஷ்ணனுக்கு இருபத்தைந்து வருஷ சர்வீஸ் முடிந்தது. பரிசு கொடுக்க வேண்டும். தலைமை எழுத்தர் வேம்பு, டைப்பிஸ்ட் செல்வாம்பாள், காத்தவராயன் ஆகிய மூவரைக் கொண்ட பரிசுப்பொருள் தேர்வுக் குழு உரிய முறையில் அமைக்கப்பட்டது.

"சமையல்ல உசிரா இருக்கிறவரு. சமையல் சாமானா குடுத்துடலாம்" என்றாள் செல்வாம்பாள். "இப்ப எங்க பாத்தாலும் மிக்சிதான் சார் ஃபேஷன்."

"மிக்சி குடுத்தா இன்னா பண்ணுவாரு?" என்றார் வேம்பு.

"அரைப்பாரு."

"அரைச்சத எங்க கொண்டாருவாரு?"

செல்வாம்பாள் யோசித்தாள். "அப்ப குக்கர்?"

"இப்ப அஞ்சடுக்கு. குக்கர் வந்தா சட்டுனு வேல முடியும். மிச்ச நேரத்துக்கு இன்னொரு கேரியர்."

"கடியாரம் குடுத்துடலாமே" என்றார் காத்தவராயன்.

"எஞ்சமையல் புடிக்கலையான்னு கேப்பாரு. ஜூன் மாசம் பக்கத்துல நிக்குது, ஞாபகம் வெச்சிக்கோ."

கடைசியில் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 'பரிசானது மேற்படி அதிகாரியின் சமையற்கலையைச் சிறப்பிப்பதாகவும், அதே சமயம் மேற்படி கலை மேலும் வளர எவ்வகையிலும் உதவாததாகவும் இருத்தல் வேண்டும்.' அப்படி ஒரு பொருளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு காத்தவராயன் தலையில் விழுந்தது.

அவர் மூன்று நாள் கடைத்தெருவில் அலைந்தார். நான்காம் நாள் வீட்டில் சாப்பிடும்போது மனைவி கமலவேணி பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "கேஸ் அடுப்பு வாங்கிட்டாளாம். கனெக்சன் எங்க இருக்குது? நாம எழுதிப்போட்டே ஏழு வருசம் ஆவுது. அடுப்ப மட்டும் வெச்சிக்கினு பூ போட்டுக் கும்புடுவாளா?"

காத்தவராயன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எரியாத அடுப்பு. பார்த்தால் கௌரவம், பற்றவைத்தால் ஒன்றும் இல்லை. மறுநாள் சொன்னதும் வேம்பு எழுந்து நின்று கைகொடுத்தார்.

பளபளவென்று இரண்டு பர்னர் வைத்த அடுப்பை மாலை போட்டுக் கொடுத்தபோது அரிகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இது யாருக்குத் தோணுச்சு?" என்றார். பத்துப் பேர் காத்தவராயனைக் காட்டினார்கள். காத்தவராயனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கனெக்சன் கேட்டு அரிகிருஷ்ணன் கேஸ் ஏஜென்சிக்குப் போனார். வரிசை நீளம் என்றார்கள். அவர் சண்டை போடவில்லை. சாப்பாட்டு நேரமாயிற்றே என்று கேரியரைப் பிரித்து, அங்கே இருந்தவர்களுக்கும் பரிமாறினார். இரண்டாம் நாளும் போனார். மூன்றாம் நாள் அவர் கேரியரோடு கிளம்புவதற்குள் சிலிண்டர் அவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. இப்படி ஒரு வேகத்தை அந்த வட்டாரம் அதுவரை கண்டதில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஆபீசுக்கு இரண்டு கேரியர் வந்தது. காலையில் டிபன் வேறு. காத்தவராயனோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூனில் உத்தரவு வந்தது. அரிகிருஷ்ணனுக்குப் பதவி உயர்வு, ஏனாம் கிளைக்குப் பொறுப்பு. உடன் செல்லும் எழுத்தர்: காத்தவராயன்.

அவர் இரண்டு தடவை படித்துவிட்டு நேராக உள்ளே போனார். "சார், பொண்ணு பத்தாவது சார். கணக்குக்கு நான் பக்கத்துல இருக்கணும்."

"லீவு விட்டா வந்து பாத்துக்கலாம், காத்தவராயன். எஞ்சமையல புரிஞ்ச ஒரே ஆளு நீங்க. அந்த அடுப்பப் பாத்தப்பவே முடிவு பண்ணிட்டேன்."

காத்தவராயன் நின்று யோசித்தார். உண்மை சொன்னால் ஏனாம் என்றுதான் ஆறு வருஷம் பொய் சொன்னார். பொய்க்கே ஏனாம் வந்துவிட்ட பிறகு உண்மைக்கு எதற்குப் பயப்பட வேண்டும்? கோபம் வந்தாலாவது உத்தரவிலிருந்து தன் பேரை அடிப்பார்.

"சார், உங்க சமையல்ல உப்பு தூக்கல். புளி பத்தாது. வெந்தயத்த தெனமும் கருக்குறீங்க. அந்தப் பாகற்காய் கேசரிய மனுஷன் திங்க முடியாது சார்."

அரிகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"எம் பொண்டாட்டி பார்வதி இதையேதான் சொல்றா. வார்த்தை மாறாம இதேதான். ஆபீஸ்ல பதினோரு பேரு பிரமாதம்னாங்களேன்னு நான் அவள நம்பல." வாசலில் நின்ற வேம்புவைக் கூப்பிட்டார். "வேம்பு, இன்னைக்கு உப்பு எப்படி?"

"பிரமாதம் சார்."

"நீங்க இங்கயே இருங்க வேம்பு. உங்க நாக்கு சரியில்ல." காத்தவராயன் பக்கம் திரும்பினார். "உங்கள விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? நான் தெனமும் சமைக்கிறேன், நீங்க தெனமும் தப்பு சொல்லுங்க. சனிக்கிழமை பஸ்."

வழியனுப்பு விழாவில் காத்தவராயனுக்கு ஆறு பாட்டில் ஓமத்திரவம் பரிசாகக் கொடுத்தார்கள். அதற்குக் குழு எதுவும் தேவைப்படவில்லை.

ஒரு வருஷம் போயிற்று. சந்திரகலா கணக்கில் எழுபத்திரண்டு வாங்கிப் பாஸானாள். பக்கத்தில் யாரும் உட்காராமலே வாங்கினாள். காத்தவராயனுக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

அதே வாரம் வேம்புவிடமிருந்து கடிதம் வந்தது. புது அதிகாரி இயற்கை உணவுக்காரராம். இப்போது அதுதானே ஃபேஷன். ஊறவைத்த பச்சைப்பயறும் நறுக்கிய பூசணியும் பச்சையாகவே கொண்டுவந்து, பன்னிரண்டே முக்காலுக்கு மணி அடிக்கிறாராம். எல்லாரும் பிரமாதம் என்றுதான் சொல்கிறார்களாம். 'முந்தினவர் வேகவைக்கவாவது செய்தார். அவரைத் திரும்ப அனுப்ப ஏதாவது வழியுண்டா என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதி, பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

காத்தவராயன் மத்தியானச் சாப்பாட்டை நிதானமாக முடித்து, கை கழுவி, இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்து ஒரு கார்டில் பதில் எழுதினார்.

'இங்கே இப்போது உப்பு சரியாக இருக்கிறது.'