ஒன்பதாயிரம் இழுப்பு தாங்கிய ஸ்பிரிங்

பசியாவரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மைத்துனன் விமலுக்கு,

அக்கா புருஷன் மாணிக்கம் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அக்கா அம்மணி விடிந்ததும் நண்டு பிடிக்கப் படகில் போய்விட்டாள். அங்கே உன் உடம்பும் உன் புதுப் பட்டறையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லிவிடலாம். ஆனால் பொன்னேரிக் கடைக்காரர், படகு மெக்கானிக் ஒருவர் எழுத்தில் கொடுத்தால்தான் உன் ஸ்பிரிங்கில் இருநூறு எடுப்பேன் என்றாராமே, அதற்காகத்தான் பேனாவைப் பிடித்தேன்.

இஞ்சின் கயிற்றை இழுத்து விட்டால், திரும்ப உள்ளே சுருட்டுவது அந்த ஸ்பிரிங்தான். அது ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் அறுந்தால் இஞ்சின் கிளம்பாது, வடியும் வற்றுத் தண்ணீர் படகைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். மைத்துனன் வேலையை விட்டுவிட்டுப் பட்டறை போட்டிருக்கிறான் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. அதோடு, ஒரு ஸ்பிரிங் எத்தனை இழுப்பு தாங்கும், எந்த வளைவில் அறும் என்று எனக்கே ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள ஆசை. நீ அனுப்பிய மாதிரியைச் சோதிக்க ஒரு மெஷினே செய்துவிட்டேன்.

லாரி வைப்பர் மோட்டாரில் சைக்கிள் பெடல் தண்டைப் பொருத்தி, அதில் கயிற்றைக் கட்டினேன். ஆறு விநாடிக்கு ஒரு இழுப்பு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கம்பி வந்து கால்குலேட்டரைத் தட்டும், அது ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகும். முதல் நாள் மெஷின் தானாகவே நடந்து வாசல் வரை போய்விட்டது, அதைப் பிடித்துக் கதவு நிலையில் கட்டினேன், கட்டினதும் வீடே கடகடவென்று ஆடியது, அதைச் சரிசெய்து அறுநூறு வந்தபோது காய வைத்த இறாலைத் தின்ன வந்த காகம் கால்குலேட்டரையும் ஒரு கொத்துக் கொத்தியது, கணக்கு பூஜ்யமாகிவிட்டது, திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு குணசுந்தரி வந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, சும்மாதான இழுத்துக்கினு கீது, எம்புள்ள தூளியையும் சேத்துக் கட்டேன்" என்றாள். கட்டினேன். பிள்ளை அசந்து தூங்கியது, மெஷினை நிறுத்தினால் அலறியது, ஆகவே சாப்பாட்டு வேளையில்கூட நிறுத்த முடியவில்லை. உன் ஸ்பிரிங்கின் சோதனை அந்தப் பிள்ளையின் புண்ணியத்தில்தான் வேகமாக முடிந்தது.

ஒரு நாளைக்கு ஆறு இழுப்பு, வருஷத்துக்கு முந்நூறு நாள் என்று வைத்தால், ஐந்து வருஷத்துக்கு ஒன்பதாயிரம். நேற்று மத்தியானம் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. கழற்றி வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. எப்படித்தான் செய்தாயோ! உண்மையைச் சொன்னால், அறாததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. கடைக்காரர் தாராளமாக வாங்கலாம், எந்தப் படகிலும் போடலாம். இதற்கு நான் பொறுப்பு.

உன் கைத்தொழில் பெருகி, பட்டறையில் விளக்கு அணையாமல் இருக்கட்டும். ஜமுனாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
மாணிக்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நம் ஊர் ஜான்சனின் படகு, நம் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இஞ்சின் கிளம்பவில்லையாம். அம்மணியும் கூடப் போன மூன்று பெண்களும் கோல் ஊன்றி நிறுத்தியதால் பிழைத்தார்கள்.

படகுக்குப் புதிதாக வரும் சாமான் முதலில் ஏரித் தண்ணீரைத் தொட வேண்டும், தொட்டதைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கமாமே. நீ அனுப்பியது வந்த அன்றைக்கே அம்மணி உன் ஸ்பிரிங்குக்கு மஞ்சள் தடவி, தண்ணீரில் நனைத்து, படகிலேயே மாட்டிவிட்டாள். கழற்றிய பழசைத் துடைத்து எண்ணெய் போட்டு உன் டப்பாவில் வைத்தாள். நான் மூன்று நாளாக இழுத்தது அந்தப் பழசைத்தான்.

மேலே எழுதியதைக் கடைக்காரரிடம் காட்டிவிடாதே. ஒரு ஸ்பிரிங்கையும் வெளியே விடாதே. அறுந்த துண்டை இதோடு அனுப்புகிறேன், எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று நீயே பார்.

எத்தனையாவது இழுப்பில் அறுந்தது என்று அம்மணியிடம் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "முப்பத்தேழு. இன்னா பாக்குற? நீ மட்டுந்தான் எண்ணுவியா?"