பாலித்தீனாரின் மெழுகுவர்த்தி

இரும்பு, பித்தளை, சணல், தேக்கு, தோல் ஆகிய அனைத்தையும் கடவுள் ஏதோ அவசரத்தில் படைத்துவிட்டார், அந்தத் தவறுகளைத் திருத்தவே பிளாஸ்டிக் பிறந்தது என்று மனதார நம்பிய மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் ஒருவர்தான் இருந்தார். விருதுநகர் பஜாரில், மிளகாய் மூட்டைகளுக்கும் எண்ணெய் டின்களுக்கும் நடுவே ஒரு மாடிக் கடையில், ஏதோ ஒரு பம்பாய்க் கம்பெனிக்கு ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தார். பெற்றோர் வைத்த பெயரை யாரும் கேட்டதில்லை. ஊர் அவரைப் பாலித்தீனார் என்றது. பழந்தமிழ்ப் புலவர் பெயர் போல இருக்கிறதென்று அவருக்கு அதில் பெருமை வேறு.

சித்திரை வெயிலில் ஊரே பருத்தி வேட்டியை மடித்துக் கட்டி விசிறிக்கொண்டிருக்கும். அவர் மட்டும் நைலான் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, வேகவைத்த கொழுக்கட்டை போல வியர்த்து நிற்பார். பெல்ட் பிளாஸ்டிக், செருப்பு பிளாஸ்டிக், மூக்குக் கண்ணாடிச் சட்டம் பிளாஸ்டிக். மூக்குப்பொடி, பல்குச்சி, தீப்பெட்டி எல்லாவற்றையும் ஒரே மாதிரியான பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு வைத்திருப்பார். எதில் எது என்று அவருக்கே தெரியாது. உடம்பில் மிச்சமிருந்த இயற்கைப் பொருள் மீசை ஒன்றுதான்.

கடை திறந்த புதிதில், பிளாஸ்டிக் உடையாது என்று நிரூபிப்பதற்காக, கூட்டம் கூட்டி மாடியிலிருந்து ஒரு வாளியைப் போட்டார். அது கீழே வந்து சில்லுச் சில்லாகச் சிதறியது. எதிர்க்கடைப் பித்தளைப் பாத்திர வியாபாரி வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, வாளி விக்கிறீகளா, ஓட்டாஞ்சில்லு விக்கிறீகளா?"

"இது வேற சாதிப் பிளாஸ்டிக். கொஞ்சம் வெறைப்பா இருக்கும். பாலித்தீன் வாளி வரட்டும், யானை மிதிச்சாலும் அசையாது!"

"யானைய நான் கூட்டியாரேன். வாளிய நீங்க கொண்டாங்க."

வாளி வந்தது, சிவப்பு நிறத்தில். யானைக்குப் பயந்தோ என்னவோ, அதை யாரும் வாங்கவில்லை.

நான் அப்போது அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்பும் எழுத்தர். வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து எங்கள் முதலாளிக்கு ரசாயனப் பாடம் எடுப்பார் பாலித்தீனார். ஒரு சரவெடியைக் கையில் எடுத்துக்கொள்வார்.

"மொதலாளி, ஒத்தை வெடிக்கு என்ன மதிப்பு? கோத்தாத்தான சரம்? அப்படித்தான் கண்ணுக்குத் தெரியாத துணுக்குக ஆயிரமாயிரமாக் கையக் கோத்துக்கிட்டு நிக்குது. அதுதான் பாலித்தீன்."

"சரி, சூடு காபி ஊத்துனா ஒம்ம டம்ளர் ஏன் குனிஞ்சு கும்பிடு போடுது?"

"அது வெல்லப்பாகு ரகம், சூடுபட்டா இளகும். சுவிட்சு செய்யுற பேக்கலைட்டு இட்லி ரகம். வெந்தது வெந்ததுதான், திரும்ப மாவாகாது."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். இவ்வளவு தெரிந்தவர் அந்த டம்ளரிலேயே மறுபடியும் காபி வாங்கி, மறுபடியும் மடியில் கொட்டிக்கொள்வார். படிப்பு ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்த தலை அது.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு சங்கடம். எங்கள் சரக்கில் பாதி கொல்லத்துக்குப் போகும். அதற்கு முந்தைய தீபாவளிக்கு, கடற்காற்றில் ஈரம் ஏறி, சரங்கள் புஸ்ஸென்று அடங்கிவிட்டன. இன்னொரு முறை நமுத்தால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்வேன் என்று கொல்லத்து வியாபாரி சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஆர்டர் போனால் பேக்கிங் செட்டு என்கிற கொட்டகையில் பாதிப் பெண்களுக்கு வேலை போகும்.

பாலித்தீனாருக்கு இது போதாதா? விலை போகாத சிவப்பு வாளியையும் ஒரு கட்டுப் பைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு சரத்தைப் பையில் போட்டு, வாயைக் கட்டி, வாளித் தண்ணீரில் முக்கினார். காபி ஆறும் வரை பொறுத்து, வெளியே எடுத்துத் திடலில் கொளுத்தினார். ஒரு வெடி பாக்கியில்லாமல் வெடித்தது. முதலாளி அசந்துபோய், ஒரு பெட்டி கட்டிக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். பாலித்தீனார் வாளியைச் செட்டின் வாசலுக்கு அன்பளிப்பாக வைத்துவிட்டுப் போனார். தீ அணைக்கும் தண்ணீர் அதில்தான் நிரம்பியிருக்கும்.

பெட்டி கட்டும் நாளில் வாசலில் காவல்காரர் பாலித்தீனாரை வழக்கம்போலத் தடவிப் பார்த்தார். பீடி இல்லை, தீப்பெட்டி இல்லை. இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் டப்பாக்கள். இந்த மனிதரின் டப்பாக்களைத் திறந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்? உள்ளே விட்டுவிட்டார்.

மதியம் பெண்கள் வேப்பமரத்தடியில் சாப்பிடப் போனார்கள். பேக்கிங்கில் மூத்தவளான மாரியக்கா மோர் வைத்திருந்த தூக்குச்சட்டியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். உள்ளே, ஆளுயரத்துக்கு அடுக்கிய சரங்களுக்கு நடுவே, நைலான் சட்டையில் சம்மணம் போட்டு அமர்ந்திருந்தார் பாலித்தீனார். எதிரே ஒரு மெழுகுவர்த்தி, அம்சமாக எரிந்துகொண்டிருந்தது. பையின் வாயை ஒரு ரம்ப பிளேடோடு சேர்த்து மடித்து, விளிம்பு மட்டும் இளகும்படி சுடரில் காட்டிக் காட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பெட்டி முக்கால்வாசி நிறைந்துவிட்டது.

கால் கொலுசைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு நுழையும் இடம் அது. அங்கே இவர் விளக்கேற்றிப் பூஜை செய்கிறார்!

மாரியக்கா கத்தவில்லை. கத்தினால் மனிதர் திடுக்கிட்டு மெழுகுவர்த்தியைத் தட்டிவிடுவார். வாசலில் இருந்த சிவப்பு வாளியைத் தூக்கினாள். தண்ணீரை ஊற்றிவிட்டு வாளியைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் நினைத்தாளாம். கோபத்தில் வாளியும் சேர்ந்தே போய்விட்டது. தண்ணீர் சுடரை அணைத்தது. வாளி அவர் நெற்றியில் மோதி, துள்ளி, சுவரில் இடித்து உருண்டது.

"ஏய்யா, ஒமக்குக் கூறு இருக்கா? இங்கன இம்புட்டுப் பொம்பளைக வயித்துப் பாட்டுக்கு வந்து நிக்கோம், நீரு கொள்ளி வைக்கீரோ? எங்கள மொத்தமா அள்ளித் தூக்குச்சட்டியிலயா வீட்டுக்கு அனுப்புவாக?"

முதலாளியும் நானும் ஓடி வந்தோம். மன்னிப்புக் கேட்பார் என்று நின்றோம். நெற்றி புடைத்திருக்க, சட்டை சொட்டச் சொட்ட எழுந்தவர், நேராகப் போய் வாளியை எடுத்து, விளிம்பைச் சுற்றி விரலால் தடவினார். முகம் மலர்ந்தது.

"பாத்தீகளா மொதலாளி? கீறல்கூட இல்ல!"

"ஒம்ம மண்டையும் அதே பிளாஸ்டிக்குதான்யா, ஒண்ணும் உள்ள எறங்காது" என்றாள் மாரியக்கா.

முதலாளி வாசலைக் கையால் காட்டினார். பாலித்தீனார் சதப் சதப்பென்று பிளாஸ்டிக் செருப்பு சத்தமிட நடந்து போனார். இந்தப் பக்கம் மறுபடி வரவில்லை.

நனைந்த பெட்டியை ஒதுக்கச் சொன்னேன். மாரியக்கா பைகளை ஒவ்வொன்றாக முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். "உள்ள ஒரு பொட்டுத் தண்ணி எறங்கல. கோட்டிக்காரனா இருந்தாலும் வேலை சுத்தம்" என்றபடி வேறு பெட்டியில் அடுக்கி, கொல்லத்து லோடில் ஏற்றிவிட்டாள்.

தீபாவளி முடிந்ததும் கொல்லத்து வியாபாரி நேரிலேயே வந்தார். காகிதத்தில் சுற்றிய சரக்கு இந்த முறையும் பாதி நமுத்தது என்றார். கண்ணாடி போன்ற பையில் வந்த ஒரு பெட்டி மட்டும் கடைசி வெடி வரை வெடித்தது, இனி எல்லாம் அப்படியே வருவதானால் வேறிடம் போகமாட்டேன் என்றார். மாரியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பாலித்தீனாரைக் கையோடு கூட்டிவரச் சொல்லி முதலாளி என்னை விருதுநகருக்கு விரட்டினார். அவருடைய மாடிக் கடையில் யாரோ அடுக்கிய மல்லி மூட்டைகள்தான் இருந்தன.

"ஒண்ணும் விக்கலன்னு கம்பெனி ஏஜென்சியப் பிடுங்கிருச்சுல்லா" என்றார் பித்தளை வியாபாரி. "கோயம்புத்தூர்ப் பக்கம் பிளாஸ்டிக் குழாய் விக்கப் போயிட்டாரு. கெணத்துல இரும்புக் குழாயெல்லாம் துருப்பிடிச்சுக் கஷ்டப்படுதாம். அதச் சொல்லும்போது கண்ணு கலங்கிட்டாருய்யா மனுசன்."

பைகளை மதுரையில் வேறொருவரிடம் வாங்கினோம். வாயை ஒட்டுவதற்கு டேப் வந்துவிட்டது, நெருப்பு வேண்டியதில்லை. பெண்கள் எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள். அந்த வாளியும் செட்டு வாசலிலேயே இருக்கிறது, இன்னும் உடையவில்லை.

பாலித்தீனார் ஒரு முட்டாள். அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் தீபாவளியன்று எங்கள் வீட்டில் எல்லோரும் பட்டாசுப் பையைப் பல்லால் கடித்துக் கிழிக்கும்போது, நான் மட்டும் கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, ஓரத்தை நேராக வெட்டி, பையை நீவி மடித்து அலமாரியில் வைக்கிறேன். கிழிக்கக் கை வரவில்லை.