ஆட்சேபத்தின் மூன்றாவது பத்தி

டெரிஃபாடா,
புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள டெலியா அத்தைக்கு,

கடிதம் எழுதியதற்கே முதலில் மன்னிக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இரண்டு வயலும் ஓர் ஓடையும்தான். நடந்தால் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தை இந்த வாரம் மூன்று முறை நடந்தேன். மூன்று முறையும் உங்கள் கேட்டில் கை வைத்ததும் உங்கள் நாய் என்னைப் பார்த்தது, நான் நாயைப் பார்த்தேன், திரும்பி வந்துவிட்டேன். நாய் குரைக்கவில்லை. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நீங்களும் உங்கள் இடுப்பு வலியும் கோழிகளும் நலம் என்று நம்புகிறேன். (இடுப்பு வலி நலமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணமல்ல, வாக்கியம் அப்படி அமைந்துவிட்டது.) இங்கே அப்பா நலம். அவர் உங்களை விசாரித்ததாக எழுதுவதுதான் வழக்கம். அவர் விசாரிக்கவில்லை. போன தேர்தலுக்கு முந்தைய தேர்தலில் மாட்டி டிவேனுக்கு முதல் விருப்ப வாக்கைப் போடாமல் மூன்றாவது விருப்ப வாக்கைப் போட்டதாக அவர் உங்களிடம் சொன்னதும், நீங்கள் மாட்டியின் படத்தை எங்கள் கேட்டுக்கு நேரெதிர்க் கம்பத்தில் கட்டியதும், அன்றிலிருந்து தம்பியும் அக்காவும் ஞாயிறு பூசையில் ஆளுக்கொரு பக்கம் உட்காருவதும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அண்ணன், அண்ணி, இரட்டைக் குழந்தைகள் எல்லோரும் நலம். இரட்டையர் பிறந்ததிலிருந்து என் படுக்கை பின்னறையில், இறைச்சி வைக்கும் பெரிய குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இந்தக் கடிதத்தில் உங்களிடம் எதையும் கேட்கப் போவதில்லை. ஒரு விஷயத்தைத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அது கொஞ்சம் குழப்பமான விஷயம். எனக்கே சரியாகப் பிடிபடாததால் வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்பது மாதமாக நான் மாட்டியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்தக் கட்சியிலும் சேராமல் நான்கு முறை தேர்தலில் வென்று டப்ளினுக்கு, நாடாளுமன்றத்துக்குப் போனவர். நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளுக்கு வேலையும் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஜனவரியில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஸாலி, வீட்டு வசதி, சமூகப் பிரச்சினை இதுல எல்லாம் என் கருத்து என்னன்னு டப்ளின் பத்திரிகைக்காரங்க கேக்கறாங்க. நீ படிச்ச பொண்ணு. ஒரு பக்கத்துல எழுதிக் குடு" என்றார். ஒரு பக்கம்தானே என்று நானும் உட்கார்ந்தேன். பழைய கடிதங்கள் இருக்கும் பதினேழு பெட்டிகளையும் திறந்தேன்.

அத்தை, அந்தப் பெட்டிகளைப் பற்றி எப்படிச் சொல்வது. பிறந்த மண்ணில் வீடு கட்டிக்கொள்ளும் உரிமை முயலுக்கு இருக்கிறது, நரிக்கு இருக்கிறது, நம் பிள்ளைகளுக்கு மட்டும் டப்ளின் அதிகாரியின் கையெழுத்து வேண்டுமா என்று வானொலியில் அவர் பேசியது இருக்கிறது. அந்த வாரமே, ஒரு மேட்டில் வரவிருந்த வீட்டால் கீழே இருப்பவர்களுக்கு மலை தெரியாமல் போகும் என்று அவர் எழுதிய கடிதமும் இருக்கிறது. கீழே இருப்பவர் தம் வயலில் ஒரு வீடு கட்டக் கேட்டபோது, அதை ஆதரித்து ஒன்று. அதற்கு மேட்டுக்காரர் சொன்ன ஆட்சேபத்தை ஆதரித்து இன்னொன்று. நகரத்தில் காலியாகக் கிடக்கும் கன்னியர் மடத்தை எட்டுக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டம் இருக்கிறதே, அதில் காலை எட்டு மணிக்கு "கூரை இல்லாதவங்களுக்குக் கூரை" என்றிருக்கிறார், இரவு எட்டு மணிக் கூட்டத்தில் "அக்கம்பக்கத்தைக் கேக்காம ஒரு ஓடு போடக் கூடாது" என்றிருக்கிறார். இரண்டுக்கும் கைதட்டல்.

நான் எழுதிய ஒரு பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

"இதென்னம்மா, 'எதிர்க்கிறார்'னு போட்டிருக்கே. நான் எதையும் எதிர்க்கறதில்லை. 'கவலை தெரிவிக்கிறார்'னு போடு."

"'ஆதரிக்கிறார்'னு போட்ட இடம் சரியா இருக்கா?"

"அது ரொம்ப வேகமா இருக்கு. 'வரவேற்கத்தக்கது, ஆனா பரிசீலிக்கணும்'னு போடு."

"அப்ப உங்க கருத்துதான் என்ன, மாட்டி?"

"ஜனங்க கருத்துதான் என் கருத்து."

"ஜனங்க ரெண்டு பக்கமும் இருக்காங்களே."

"அதனாலதானே ரெண்டு தடவை பேச வேண்டியிருக்கு" என்றார், பாவம், களைப்பாக.

இதில் தந்திரம் ஏதாவது இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். கல்லூரியில் தந்திரத்தைப் பற்றி ஒரு முழுப் பருவம் படித்தோம். இவரோ எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதை உண்மையாகவே நம்பிவிடுகிறார். அவர் எழுந்து போய் அடுத்தவர் உட்கார்ந்ததும் அவரையும் நம்பிவிடுகிறார். மடத்தில் ஒரு வீடு கேட்டு வந்த இளம்பெண்ணுக்கும், மடத்தில் வீடே வரக் கூடாது என்று வந்த பக்கத்துத் தெருக்காரருக்கும் ஒரே நாளில் கடிதம் போனது. நான் பதற்றத்தில் உறைகளை மாற்றிப் போட்டுவிட்டேன். இரண்டு நாள் அலுவலகப் போனை எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் இரண்டு பேருமே அலுவலகத்துக்கு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் ஒரு பழ கேக் கூடக் கொண்டுவந்தாள். அவள் இன்னும் தன் இரண்டு குழந்தைகளோடு அம்மா வீட்டுக் கூடத்தில்தான் படுக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மாட்டி காரிலிருந்து போன் செய்தார். ஓர் அடக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். இறந்தவர் யார் என்று என்னிடம் கேட்டார், சொன்னேன். பிறகு, "ஒரு கடிதம் அடி. ஒரு வயசான அம்மா, ஒண்டியா இருக்காங்க. பக்கத்து வயல்ல யாரோ வெளியூர்க்காரி வீடு கட்டப் போறாளாம். கோடைக்குப் பத்து நாள் வந்துட்டு, மத்த நாள் பூட்டிப் போட்டுருவாங்க இல்ல, அந்த ரகம். ஆட்சேபம் எழுதணும். பேருக்கும் மனு எண்ணுக்கும் இடம் விட்டுடு. அந்தம்மாவே அறிவிப்பைப் பாத்து நிரப்பிப்பாங்க" என்றார். ('வயசான அம்மா' என்றது மாட்டி. நான் இல்லை.)

அவர் சொன்ன இரண்டு பத்தியையும் அடித்தேன். சப்பென்று இருந்தது. எனக்கோ அந்த முகம் தெரியாத அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. நான் பட்டத்துக்கு எழுதிய ஆய்வே பூட்டிக் கிடக்கும் கோடை வீடுகளைப் பற்றித்தான். அதனால் என் பொறுப்பில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தேன். அது இப்படி இருந்தது: "மேற்படி விண்ணப்பதாரருக்கும் இந்த மண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இருப்பதாகத் தெரியவில்லை. இங்கே அவரை அறிந்தவர் எவரும் இல்லை. குளிர்காலத்தில் விளக்கு எரியாத வீடு, தனியே வாழும் ஒரு பெண்ணுக்கு அண்டைவீடு அல்ல, இன்னொரு சுவர்." மாட்டி படித்துவிட்டு, ஒரு வார்த்தையைக்கூட மாற்றாமல் உறையில் போட்டார். அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அப்பா தபாலை மேசையில் போட்டு, "யாரோ ஸோர்ச்சா நி துவாதாய்னு ஒருத்திக்கு நம்ம விலாசத்துல வந்திருக்கு. தபால்காரன் குடிச்சுட்டானா?" என்றார்.

அத்தை, அது நான்.

மேல்வயல் கேட்டில், மழைக்காகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நான் கட்டியிருந்த அறிவிப்பில் நீங்கள் பார்த்த பெயர் என் பெயர்தான். ஸாலி டூஹியை ஐரிஷில் எழுதினால் அப்படி வரும். எழுதியிருப்பது போல வாசிக்கக் கூடாது, 'ஸொரக்க நீ ஹூஹி' என்று வாசிக்க வேண்டும். பட்டச் சான்றிதழில் அப்படிப் போட்டுக்கொண்டேன், நன்றாக இருந்தது. அதனால் கட்டட அனுமதி மனுவிலும் அதையே போட்டேன். வீட்டில் முதலில் படித்தவள் செய்யும் கோணங்கித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பதிமூன்று வருடம் ஐரிஷ் படித்த ஊரில் ஒருவராலும் அதை வாசிக்க முடியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா மேல்வயலை உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியாளுக்கு விற்றுவிட்டார் என்று நீங்கள் நினைத்ததும், அதைக் காரில் போய்க்கொண்டிருந்த மாட்டிக்குப் போன் செய்து சொன்னதும், நேற்றுத்தான் மாட்டி சொல்லித் தெரிந்தது. அப்பா விற்கவில்லை. எனக்குக் கொடுத்தார். இரண்டு அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு.

அன்று வந்தது கட்டட அனுமதி தரும் கவுன்சிலின் கடிதம்; அதில் என் மூன்றாவது பத்தியை முழுவதுமாக எடுத்துப் போட்டிருக்கிறார்கள். "இந்த நியாயமான கவலையைக் கருத்தில் கொண்டு" என்று தொடங்கி, விண்ணப்பதாரர் இந்த ஊரைச் சேர்ந்தவர் என்பதை நிரூபிக்க வேண்டும் என்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி வரை நேரம். இல்லையென்றால் அனுமதி கிடையாது. பிறப்புச் சான்றிதழைக் காட்டலாமென்றால் அதில் அடுத்த மாவட்டத்து மருத்துவமனையின் பெயர் இருக்கிறது. நம் நகரத்தில் பிரசவ வார்டு மூடி முப்பது வருடமாகிறது. அதைக் கண்டித்தும் மாட்டியின் கடிதம் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து என் தோழி, ஓர் அறை காலியாக இருக்கிறது, மாத முடிவுக்குள் பதில் சொல் என்று எழுதியிருக்கிறாள். அண்ணி அந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள்.

மாட்டியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அட, அந்த வெளியூர்க்காரி நீதானா?" என்றார். பிறகு, "ரொம்ப நல்லா எழுதியிருந்தேம்மா" என்றார்.

"இப்ப நான் என்ன பண்றது?"

"உன்னை ஆதரிச்சு ஒரு கடிதம் அடி. கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"ஆனா அந்த ஆட்சேபமும் நீங்க சொல்லி அடிச்ச கடிதம்தானே?"

"பாத்தியா, ரெண்டு பக்கமும் நான் இருக்கேன். உனக்கு என்ன பயம்?"

அவர் பேனாவைத் திறந்தார், நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான், அத்தை. கூட்டுறவுக் கடை வரிசையில் யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட, நானே சொல்லிவிடலாம் என்றுதான் எழுதினேன். ஆட்சேபிப்பது எல்லோருக்கும் உள்ள உரிமை. அதை நீங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெர்த்தில் வெயில் நன்றாக அடிக்குமாம். எனக்கு உங்களிடம் மனக்கசப்பு எதுவும் இல்லை, கேட்பதற்கும் எதுவும் இல்லை.

கடவுளும் அவர் தாயும் உங்களையும் கோழிகளையும் இந்தக் காற்றிலிருந்து காக்கட்டும். வணக்கத்துடன்,

உங்கள் தம்பி மகள்,
ஸாலி
(ஐரிஷில் வேண்டாம்.)

பின்குறிப்பு: கேட்பதற்கு எதுவும் இல்லை என்று மேலே எழுதியது பொய். கவுன்சில் கடிதத்தின் கடைசி வரியை உங்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விண்ணப்பதாரரின் வீட்டைச் சேராத, நெடுநாளாக இங்கேயே வசிக்கும் ஒருவர் கைப்பட எழுதித் தந்தால் போதும் என்கிறார்கள். டெரிஃபாடாவில் இருப்பதே மூன்று வீடு. ஒன்று எங்களுடையது, ஒன்று பூட்டிக் கிடக்கிறது. ஆட்சேபம் அது பாட்டுக்கு இருக்கட்டும், அதற்கு நான் குறுக்கே வரவில்லை. ஆனால் ஒரு தாளில், இவளைப் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா? இதை இன்று மாலையே உங்கள் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடியும் உங்கள் கேட்டுக்கு வருவேன். நான் திரும்பிப் போவதற்குள் தயவுசெய்து கதவைத் திறங்கள்.